மூவேழு நாள்: கொரியப் பேறுகாலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரியாவில் பிள்ளை பெற்ற வீட்டைப் பற்றி மூன்று தரப்பினர் எழுதி வைத்திருக்கிறார்கள். மருத்துவர்கள் தாயின் ரத்தத்தையும் பாலையும் அளந்தார்கள். செவிலியர் கல்லூரிகளும் குடும்பவியல் துறைகளும் யார் சமைத்தார், யார் பிள்ளையைக் குளிப்பாட்டினார் என்று கேட்டுப் பதிந்தன. நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் வாசலில் கட்டிய கயிற்றையும் மூலையில் வைத்த சோற்றுக் கிண்ணத்தையும் குறித்துக்கொண்டார்கள். மூவரும் பார்த்தது ஒரே அறையைத்தான். ஆனால் ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்பது குறைவு. கீழே வரும் கேள்விகளில் பாதி அந்த இடைவெளியில் முளைத்தவை.

சான்ஹூஜோரி என்றால் என்ன? எத்தனை நாள் இருக்க வேண்டும்?

பிள்ளை பெற்றபின் உடம்பைத் தேற்றிக்கொள்வதுதான் சான்ஹூஜோரி. நாம் ‘பத்தியம் இருப்பது’ என்று சொல்வதற்கு நெருக்கமானது. ஆனால் அதில் சாப்பாடு ஒரு பங்குதான். வெதுவெதுப்பாக இருப்பது, காற்றுப் படாமல் பார்த்துக்கொள்வது, கனம் தூக்காமல் இருப்பது, கடினமானதைப் பல்லால் கடிக்காமல் இருப்பது, இன்னொருவர் சமைத்துப்போட உண்பது எல்லாம் சேர்ந்தது அது.

பழைய கணக்கு சாம்ச்சிரில், அதாவது மூவேழு இருபத்தொன்று. ஒவ்வொரு ஏழாம் நாளும் ஒரு கட்டு தளரும். முதல் ஏழில் குழந்தையைச் சுற்றிய துணியை எடுத்து, கழுத்துப்பட்டி இல்லாத சட்டை போட்டு, கட்டியிருந்த ஒரு கையை விடுவிப்பார்கள். இரண்டாம் ஏழில் கழுத்துப்பட்டி வைத்த சட்டை. மற்றக் கையும் வெளியே வரும். மூன்றாம் ஏழில் மேலும் கீழுமாக முழு உடை. அன்றுதான் வாசல் கயிற்றை எடுப்பார்கள், உறவினர் உள்ளே வரலாம். ஆக அந்த 21 நாள் தாயின் ஓய்வுக்கணக்கு மட்டுமல்ல, குழந்தை படிப்படியாக மனிதக்கூட்டத்தில் சேரும் கணக்கும்கூட.

மருத்துவர்களின் கணக்கு 6 வாரம், கருப்பை பழைய அளவுக்குத் திரும்பும் காலம். குடும்பங்களில் பலர் 100 நாள் என்பார்கள். ‘பேறுகாலத்துக்குப் பின்’ என்று ஓர் ஆய்வு சொன்னால் இந்த மூன்றில் எதைச் சொல்கிறது என்று முதலில் பாருங்கள். 3-ஆம் வாரத்தில் அளந்த சோர்வையும் 14-ஆம் வாரத்தில் அளந்த சோர்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

வாசலில் கட்டும் கயிற்றில் என்னென்ன இருக்கும்?

கயிற்றின் பெயர் கும்ஜுல். நெல் வைக்கோலைத் திரித்துச் செய்வது. அன்றாட வேலைக்கான கயிறு வலப்பக்கமாக முறுக்கியிருக்கும், இது இடப்பக்கமாக. கண்ட உடனே இது வேறு வகைக் கயிறு என்று தெரியவேண்டும், மனிதருக்கும் மற்றதற்கும். ஆண் குழந்தை என்றால் சிவப்பு மிளகாயும் அடுப்புக்கரியும், பெண் குழந்தை என்றால் அடுப்புக்கரியும் பைன் மரக் கொத்தும் இடையிடையே செருகுவார்கள். ஊருக்கு ஊர் மாறும், சில இடங்களில் வெள்ளைக் காகிதமும் உண்டு.

இதை ‘ஆயிரமாண்டுப் பழக்கம்’ என்று எழுதுவோர் மிளகாயைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மிளகாய் கொரியாவுக்கு வந்ததே 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். 1614-ஐச் சேர்ந்த கொரியத் தொகுப்பு நூல் ஒன்றில் அதைப் பற்றிய குறிப்பு வருகிறது. கயிறு பழையதாக இருக்கலாம், மிளகாய் செருகுவது அவ்வளவு பழையதாக இருக்க வழியில்லை.

அந்தக் கயிறு, தொற்று பரவாமல் இருக்க முன்னோர் செய்த ஏற்பாடுதானே?

மருத்துவக் கட்டுரைகளின் முன்னுரையில் இந்த வரி வந்துகொண்டே இருக்கும். பாதிதான் சரி. வெளியாள் 21 நாள் வராமல் இருந்தால் சளியும் அம்மையும் உள்ளே வரும் வாய்ப்புக் குறையும், உண்மை. ஆனால் அதே கயிற்றை சோயா விழுது போட்ட ஜாடிக்கும் கட்டினார்கள், கன்று ஈன்ற மாட்டுத் தொழுவத்துக்கும் கட்டினார்கள், ஊர்த்தெய்வத்துக்குப் பூசை எடுக்கும்போது மரத்துக்கும் கட்டினார்கள். முதலில் தடுக்கப்பட்டவர் இருமுகிறவர் அல்ல, சாவு வீட்டுக்குப் போய்வந்தவர். நம் ஊரில் தீட்டு என்று சொல்வதற்கு ஒப்பான ‘புஜொங்’ என்ற எண்ணமே அதன் அடிப்படை.

இன்னொன்று. பிறந்த குழந்தைகளைக் கொன்ற பெரிய நோய்களில் ஒன்று, தொப்புள்கொடியை அறுத்த கருவி வழியாக வரும் ரணஜன்னி. அறுத்த கத்தி வீட்டுக்குள்ளேயே இருந்தது. வாசல் கயிறு அதற்கு எதுவும் செய்யவில்லை.

சாம்சின் ஹால்மொனி யார்?

குழந்தையைக் கொடுப்பவள், பிறக்க வைப்பவள், வளரும்வரை காப்பவள். ஹால்மொனி என்றால் பாட்டி. ‘சாம்’ என்பதை மூன்று என்று எடுத்து மூன்று தெய்வம் என்பார் சிலர். ஆனால் பழங்கொரிய மொழியில் நஞ்சுக்கொடிக்கும் ‘சாம்’ என்றே பெயர், கொடியை அறுப்பதைச் ‘சாமைப் பிரித்தல்’ என்றார்கள். அந்த விளக்கமே பொருத்தமாகத் தெரிகிறது.

பிள்ளை பிறந்ததும், பிறகு 3-ஆம் நாளும் ஒவ்வொரு ஏழாம் நாளும், சோறு, கடற்பாசிச் சூப்பு, விடியலில் மொண்ட தண்ணீர் மூன்றையும் அறையின் ஒரு மூலையில் வைத்துப் பாட்டி கைகூப்பி வேண்டுவார். படைத்ததைத் தாயே சாப்பிட வேண்டும். கொரியக் குழந்தைகளின் பிட்டத்தில் பிறவியிலேயே இருக்கும் நீலத் திட்டு, ‘சீக்கிரம் வெளியே போ’ என்று சாம்சின் தட்டிய அடையாளமாம். மருத்துவக் கணக்கில் அது தோலின் ஆழத்தில் தங்கிய நிறமிச் செல்கள். பெரும்பாலும் சில ஆண்டுகளில் மங்கிவிடும். காயம் என்று நினைத்து வெளிநாட்டு மருத்துவர்கள் பெற்றோரைச் சந்தேகிப்பதும் உண்டு என்பதால், வெளியூர் போகும் குடும்பங்கள் பிறப்புக் குறிப்பேட்டில் அதைப் பதிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஜேஜு தீவில் கதை இன்னும் கூர்மை. கிழக்குக் கடல் நாகராசன் மகளும் மியோங்ஜின் நாட்டுப் பெண்ணும் யார் பிள்ளைப்பேற்றுப் பாட்டி ஆவது என்று போட்டியிட, இருவரிடமும் பூ வளர்க்கச் சொல்கிறார் விண்ணரசர். மியோங்ஜின் பெண்ணின் செடி தழைக்கிறது, அவள் பிறப்புக்குப் பாட்டியாகிறாள். தோற்றவள் இறந்த குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் மறுவுலகப் பாட்டியாகிறாள். பாதிக் குழந்தைகள் தங்காத காலத்தில், இறந்ததற்கும் ஒரு பாட்டி தேவைப்பட்டிருக்கிறது.

மியோக்குக் எப்படிச் செய்வது?

மியோக் என்பது கடலில் வளரும் பழுப்புப் பாசி, உலர்த்தி விற்பார்கள். குக் என்றால் சூப்பு. பேற்றுக்கென்று வாங்கும் மியோக்கை மடிக்காமல் நீளவாக்கிலேயே கொண்டுவர வேண்டும், விலை பேசக்கூடாது என்பது வழக்கம். மடித்தால் பேறு சிக்கலாகுமாம், விலையைக் குறைத்தால் பிள்ளையின் ஆயுள் குறையுமாம்.

நான்கு பேருக்கு 20 கிராம் உலர்ந்த மியோக் போதும். முதல்முறை செய்கிறவர்கள் எல்லாரும் இங்கேதான் ஏமாறுவார்கள். ஒரு பிடிதானே என்று பாக்கெட்டில் பாதியைப் போட்டால், தண்ணீரில் ஏறக்குறைய பத்து மடங்கு ஊறிப் பாத்திரத்தை விட்டு வெளியே வரும். நிறையத் தண்ணீரில் 30 நிமிடம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, ஓடும் தண்ணீரில் இரண்டு மூன்று முறை பிசைந்து அலசிப் பிழியுங்கள். அலசல் போதாவிட்டால் கவிச்சை நிற்கும். 150 கிராம் மாட்டு நெஞ்சுக்கறியை ஒரு மேசைக்கரண்டி எள்ளெண்ணெயில் நிறம் மாறும்வரை வதக்கி, நறுக்கிய மியோக்கைச் சேர்த்து 4 நிமிடம் வதக்கி, ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஊற்றிச் சிறுதீயில் 30 முதல் 40 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். உப்புக்குச் சூப்புச் சோயா ஒன்றரை மேசைக்கரண்டி, ஒரு தேக்கரண்டி நசுக்கிய பூண்டு. கடையில் கிடைக்கும் சாதாரணச் சோயா சாஸ் போட்டால் கறுத்து இனிக்கும். வெங்காயத்தாள் போடுவதில்லை. ஜேஜுவில் மாட்டுக்கறிக்குப் பதில் ஓக்தோம் மீன். அங்கே பிள்ளை பெற்றவளுக்குப் பக்வீட் என்ற தானியத்தின் மாவைக் கிள்ளிப் போட்ட கஞ்சியும் உண்டு.

பிறந்தநாள்தோறும் இதே சூப்பைக் குடிப்பது தாய் பட்ட பாட்டை நினைக்க. பரீட்சை நாளில் மட்டும் தொடமாட்டார்கள். வழுவழுப்பானது, வழுக்கிவிடும்! ‘மியோக்குக் குடித்தான்’ என்றால் தேர்வில் தோற்றான் என்று பொருள்.

இவ்வளவு கடற்பாசி நல்லதா? அயோடின் கூடிவிடாதா?

கூடும். மூன்று துறைகளும் நேருக்கு நேர் மோதும் இடம் இது.

பாலூட்டும் தாய்க்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின். 1999-ல் வெளியான ஒரு கொரிய ஆய்வில், பேறாகி 2 முதல் 5 நாளான தாய்மார் நாளுக்குச் சராசரி 2,744 மைக்ரோகிராம் உட்கொண்டிருந்தார்கள். சீம்பாலில் லிட்டருக்கு 2,170 மைக்ரோகிராம் இருந்தது, 4 வாரத்தில் அது 892 ஆகக் குறைந்தது. பெரியவர்களுக்கான உச்ச வரம்பைக் கொரியா 2,400 என்று வைத்திருக்கிறது, அமெரிக்கா 1,100 என்கிறது. கடற்பாசி உண்டே பழகிய மக்களுக்கு வேறு வரம்பு என்பதே இந்த வேறுபாட்டின் பொருள்.

அயோடின் திடீரென்று மிகுந்தால் தைராய்டு சுரப்பி ஹார்மோன் செய்வதைத் தற்காலிகமாக நிறுத்திக்கொள்ளும். நலமான பெரியவரின் சுரப்பி சில நாளில் அதிலிருந்து மீண்டுவிடும். குறைமாதக் குழந்தையின் சுரப்பிக்கு அந்த மீளும் திறன் இன்னும் முற்றியிருக்காது. 2009-ல் வந்த கொரிய ஆய்வு ஒன்று, குறைமாதக் குழந்தைகளின் தைராய்டு குறைபாட்டைத் தாய்ப்பாலில் இருந்த மிகை அயோடினோடு தொடர்புபடுத்தியது.

அதற்காகச் சூப்பையே நிறுத்தச் சொல்லவில்லை. கொரிய உணவுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் அறிவுரை எளிது: நாளுக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம், உலர்ந்த மியோக்கை 30 நிமிடம் ஊறவைத்து அலசிப் பிறகு சமைக்கவும். அயோடின் நீரில் கரையும், ஊறிய தண்ணீரைக் கொட்டுவதே பெரிய லாபம். உண்மையில் கவனிக்க வேண்டியது மியோக் அல்ல, தாசிமா என்ற தடித்த பாசி. அதில் அயோடின் பல மடங்கு அதிகம். ருசிக்காக மியோக்குக்கில் தாசிமாச் சாறு ஊற்றுகிறவர்கள் அதை விட்டுவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். தாய்க்கு ஏற்கெனவே தைராய்டு கோளாறு இருந்தாலும், குழந்தை 37 வாரத்துக்கு முன் பிறந்திருந்தாலும், சூப்பின் அளவை மருத்துவரிடம் சொல்லுங்கள். பாலூட்டுவதை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கொரியாவில் பிரசவம் ஆகப்போகிறது, நான் மாட்டுக்கறி உண்பதில்லை. என்ன செய்வது?

மருத்துவமனைத் தட்டில் மூன்று வேளையும் மியோக்குக் வர வாய்ப்பு உண்டு. சாறு மாட்டுக்கறி, நெத்திலி, மட்டி இவற்றில் ஒன்றாக இருக்கும். ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் கறித்துண்டை எடுத்துவிட்டு அதே சாற்றைத் தருவார்கள். ‘சோகோகி, மியோல்ச்சி யுக்சு பே ஜுசேயோ’ (மாட்டுக்கறிச் சாறும் நெத்திலிச் சாறும் வேண்டாம்) என்று சாற்றைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். தில்க்கே மியோக்குக் என்று தில்க்கே (பெரில்லா) விதைப்பொடி கரைத்துச் செய்வது சைவமாகச் செய்யத் தோதானது. சேரும்போது அல்ல, பதிவு செய்யும்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

சான்ஹூபுங் என்பது நோயா, நம்பிக்கையா?

நேர்ச்சொல்லில் ‘பேற்றுக்குப் பின் வந்த காற்று’. மூட்டு வலி, எலும்புக்குள் குளிர் ஏறுவது போன்ற உணர்வு, வியர்வை, மரத்துப்போதல். கொரிய மரபு மருத்துவர்கள் இதற்கு நோய்க்குறியீடு போட்டே சிகிச்சை தருகிறார்கள். மேலை மருத்துவத்தில் இப்படி ஒரு நோய் இல்லை. பெண்கள் ஐம்பது வயதில்கூட ‘அப்போது சரியாக ஜோரி செய்யவில்லை, அதனால்தான் இந்த முழங்கால்’ என்பார்கள். அந்த வாக்கியத்தில் உடம்பு வலியோடு, அன்று யார் தன்னைக் கவனிக்கவில்லை என்ற மனக்குறையும் இருப்பதைக் குடும்பவியல் ஆய்வாளர்கள்தான் சரியாகக் கேட்டிருக்கிறார்கள்.

நோய் இல்லை என்று ஒதுக்குவதும் தவறு, காற்று என்று விட்டுவிடுவதும் தவறு. பெருவிரல் பக்கம் மணிக்கட்டு வலித்தால் பிள்ளையைத் தூக்கித் தூக்கி வந்த தசைநாண் அழற்சியாக இருக்கலாம். நடுக்கம், படபடப்பு, பிறகு சோர்வும் குளிரும் என்று மாறினால் பேற்றுக்குப் பின் வரும் தைராய்டு அழற்சி, ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரியும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டு, அன்றே மருத்துவமனை போக வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் வீட்டில் ஒரே பெயர் சான்ஹூபுங் என்பதுதான் ஆபத்து.

அறையை எவ்வளவு சூடாக வைப்பது?

22 முதல் 24 டிகிரி போதும். ஈரப்பதம் 40 முதல் 60 விழுக்காடு. விறகு எரித்துத் தரையைச் சூடாக்கும் பழைய ஓந்தோல் அறையில், கதவிடுக்கில் குளிர்காற்று புகுந்துகொண்டிருந்த காலத்தில், ‘வியர்க்க வியர்க்கப் படு’ என்பதற்குப் பொருள் இருந்தது. அடுக்குமாடி வீட்டில் அதையே செய்தால் தாய்க்கு நீர்ச்சத்து குறையும், பிள்ளைக்கு வேர்க்குரு வரும். படுத்தே கிடந்தால் ரத்தக்கட்டுக்கும் வழி. நேரடியாகக் காற்று அடிக்காமல் பார்த்துக்கொண்டு, எழுந்து நடமாடினால் போதும். குளிப்பு: சுகப்பிரசவத்தில் நின்றபடி வெந்நீரில் விரைவிலேயே குளிக்கலாம். தொட்டியில் இறங்குவது உதிரப்போக்கு நின்றபின்.

ஈரப்பதமூட்டியில் மருந்து ஊற்றக்கூடாது என்கிறார்களே, ஏன்?

குடும்ப வழக்கமும் மருத்துவமும் சேர்ந்து மிக மோசமாக முடிந்த கதை அது. சூடான அறை காய்ந்துபோகும், அதனால் ஈரப்பதமூட்டி வைப்பார்கள். அதன் தண்ணீர்த் தொட்டியில் பாசி பிடிக்காமல் இருக்க ஊற்றும் கிருமிநாசினி 1994 முதல் கொரியக் கடைகளில் விற்றது. 2006 வாக்கிலேயே குழந்தை மருத்துவர்கள் வசந்த காலத்தில் காரணம் தெரியாத கடும் நுரையீரல் நோய் கொத்தாக வருவதைக் கவனித்தார்கள். 2011 வசந்தத்தில் சியோலின் ஆசான் மருத்துவமனைக்குக் கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்றவர்களும் அதே போல் வரத் தொடங்கியபோதுதான் அரசு விசாரணை நடந்தது. ஆகஸ்ட் 31 அன்று கிருமிநாசினியே காரணமாக இருக்கலாம் என்று அறிவித்தார்கள், நவம்பரில் திரும்பப் பெற்றார்கள்.

அந்த வேதிப்பொருள்கள் தோலில் பட்டால் பெரிய கேடு இல்லை என்று கருதப்பட்டவை. மீயொலி ஈரப்பதமூட்டி அவற்றை மிக நுண்ணிய துளிகளாக்கி மூச்சுக்குழாயின் கடைசிக் கிளைவரை அனுப்பியது. நாளெல்லாம் மூடிய அறையில் இருந்தவர்கள் யார்? பிள்ளை பெற்றவளும் பிள்ளையும். நோயாளிப் பட்டியல் ஏன் அப்படி இருந்தது என்பதற்கு விடை நுரையீரல் படத்தில் மட்டும் இல்லை, வீட்டுப் பழக்கத்திலும் இருந்தது. இன்று செய்யவேண்டியது: தொட்டியைத் தினமும் காலிசெய்து தேய்த்துக் கழுவி உலர்த்துங்கள். தண்ணீரைத் தவிர எதுவும் ஊற்றாதீர்கள், வாசனை எண்ணெயும் வேண்டாம்.

பிறந்த வீடா, புகுந்த வீடா? யார் பார்த்துக்கொள்வது வழக்கம்?

மருமகள் மாமியார் வீட்டிலேயே பெற வேண்டும் என்பதைப் பழங்காலம் தொட்டு வந்தது என்று நினைக்கிறார்கள். இல்லை. 17-ஆம் நூற்றாண்டுக்கு முன்பு மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய் நெடுநாள் தங்குவது கொரியாவில் பரவலாக இருந்தது. யி ஈ என்ற பெரும் கன்பூசிய அறிஞர் 1536-ல் பிறந்தது காங்நுங் ஊரில் தாய் சின் சாயிம்தாங்கின் பிறந்த வீட்டில்தான். தாயும் மகனும் இன்று கொரியப் பணத்தாள்களில் இருக்கிறார்கள், 50,000 வொன் தாளில் தாய், 5,000 வொன் தாளில் மகன். கன்பூசிய முறை இறுகிய பிறகே புகுந்த வீடு முதன்மையானது.

ஆண்கள் இதில் தலையிடவே இல்லை என்பதும் முழு உண்மை அல்ல. நாடுகடத்தப்பட்டிருந்த யி முன்கொன் என்ற அதிகாரி, 1551-ல் பிறந்த பேரன் பல் முளைத்தது, நடந்தது, அம்மை வந்தது எல்லாவற்றையும் ‘யாங்ஆரோக்’ என்ற குறிப்பில் எழுதிவைத்தார். ஒரு தாத்தாவின் பிள்ளை வளர்ப்பு நாட்குறிப்பு அது.

இப்போது பெரும்பாலான பெண்கள் முதலில் போவது இரண்டு வீட்டுக்கும் அல்ல, சான்ஹூஜோரிவொன் என்ற கட்டண இல்லத்துக்கு.

சான்ஹூஜோரிவொன் எப்படி இருக்கும்? எதைக் கேட்டுச் சேர வேண்டும்?

1990-களின் நடுவில் தோன்றியவை. வழக்கமாக இரண்டு வாரம் தங்குவார்கள். சுகாதார அமைச்சகம் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கில், பிள்ளை பெற்றவர்களில் அங்கே தங்கியவர்கள் 2018-ல் 75.1 விழுக்காடு, 2021-ல் 81.2, 2024-ல் 85.5. சராசரிச் செலவு 2021-ல் சுமார் 24 லட்சம் வொன், 2024-ல் 28 லட்சத்துக்கு மேல். நாட்டின் பிறப்பு விகிதமோ 2023-ல் ஒரு பெண்ணுக்கு 0.72 குழந்தை. பிள்ளைகள் குறைய, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆகும் செலவு ஏறுகிறது. அரசு தரும் பிறப்பு உதவிச் சீட்டு முதல் குழந்தைக்கு 20 லட்சம் வொன், 2024 முதல் இரண்டாவதிலிருந்து 30 லட்சம். அதை இங்கே செலவிடலாம். உள்ளாட்சி நடத்தும் இல்லங்கள் மலிவு, முதலாவது 2013-ல் ஜேஜுவின் சோக்விபோவில் திறந்தது. இடம் கிடைப்பதுதான் பாடு.

பெரிய அபாயம் தொற்று. ஒரே அறையில் பல பச்சிளங்குழந்தைகள், ஒன்றுக்கு வந்த மூச்சுத்தொற்றோ வயிற்றுப்போக்கோ மற்றவற்றுக்குத் தாவும். சட்டப்படி 7 குழந்தைக்கு ஒரு செவிலியர், 2.5 குழந்தைக்கு ஒரு உதவிச் செவிலியர் வேண்டும். அது பகலுக்கு மட்டுமா, இரவிலும் எத்தனை பேர் என்று கேளுங்கள். காய்ச்சல் கண்ட குழந்தையை வைக்கத் தனி அறை உண்டா, ஊழியர் கக்குவான் தடுப்பூசி போட்டார்களா, பார்வையாளர் விதி என்ன என்றும் கேளுங்கள். பாலூட்ட விரும்புகிறவர்கள் குழந்தை நாளில் எத்தனை மணி நேரம் தாயோடு இருக்கலாம் என்பதை முதலிலேயே கேட்பது நல்லது. ‘நன்றாகத் தூங்குங்கள்’ என்று இரவெல்லாம் புட்டிப்பால் கொடுத்துவிட்டால் பால் சுரப்பு குறையும், மார்பு கட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள்தான் அது தெரியவரும்.

மரபு மருந்துகளில் எது வழக்கம்?

முதலில் உதிரம் கழிய செங்ஹ்வாதாங்: தாங்குய் வேர், சொங்குங் வேர், பீச் விதைப் பருப்பு, வறுத்துக் கருக்கிய இஞ்சி, அதிமதுரம். பிறகு உடம்பு தேறும் மருந்துகள். பால் சுரக்கப் பன்றிக்கால் சாறு, கெண்டை, விரால் மீன் சாறு. வீக்கத்துக்கு முற்றிய பூசணி. உதிரப்போக்கு அதிகம் இருந்தாலோ, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுத்தாலோ, செங்ஹ்வாதாங்கைத் தொடுமுன் பிரசவ மருத்துவரைக் கேட்க வேண்டும்.

நூல் மரபும் உண்டு. ஹோ ஜுன் என்ற மருத்துவர் 1610-ல் முடித்து 1613-ல் அச்சான ‘தோங்உய்போகாம்’ என்ற மருத்துவ நூல் 2009-ல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தது. பேறு பற்றி அறிய அதைவிடப் பயனுள்ளது அவரே 1608-ல் பேச்சு மொழியிலும் பொருள் எழுதி வெளியிட்ட பேற்று மருத்துவ நூல். சீன எழுத்துத் தெரியாதவர்களுக்கும் எட்டவேண்டும் என்பது அதன் நோக்கம்.

கருவிலேயே கற்பிப்பது, கருக்கனவு: இவை இன்றும் உண்டா?

உண்டு, வியாபாரமாகவும் உண்டு. கருக்கால ஒழுக்கத்துக்குத் தேக்யோ என்று பெயர். அதற்கென்றே 1800-ல் நூல் எழுதியவர் யி சாஜுதாங் என்ற பெண். நான்கு பிள்ளை பெற்ற அனுபவத்தோடு எழுதினார், மகன் யூ ஹீ உரை சேர்த்தார். தந்தையின் நடத்தைக்கும் பொறுப்பு உண்டு என்று அதில் அவர் சொன்னதை, இன்று தேக்யோ இசைத்தட்டு விற்பவர்கள் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

கருக்கனவு தேமோங். புலி, நாகம் (டிராகன்), பன்றி, மிளகாய் வந்தால் ஆண், பூ வந்தால் பெண் என்று பொதுவாகச் சொல்வார்கள். தாய்தான் காணவேண்டும் என்றில்லை. பாட்டி, தந்தை, பக்கத்து வீட்டுக்காரி யாரும் காணலாம். சின் சாயிம்தாங் நாகத்தைக் கனவு கண்ட அறைக்கு இன்றும் ‘நாகக் கனவு அறை’ என்றே பெயர். ஆய்வு செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கனவுகள் பெரும்பாலும் பிள்ளை பிறந்தபின் சொல்லப்பட்டவை. கனவு எவ்வளவு சரியாகப் பலித்தது என்று கணக்குப் போட அவை உதவா. குடும்பம் அந்தப் பிள்ளையைப் பற்றி என்ன நினைக்கிறது என்று அறியவே உதவும்.

நஞ்சுக்கொடியை என்ன செய்தார்கள்?

மக்கள் உமித்தீயில் எரித்தார்கள், புதைத்தார்கள், கடலோரத்தில் கடலில் விட்டார்கள். அரச குடும்பத்தில் கழுவி, ஜாடிக்குள் ஜாடி வைத்து, நல்ல மலை பார்த்துக் கல் எழுப்பிப் புதைத்தார்கள். அந்த இடம் தேசில். சொங்ஜுவில் 1438 முதல் 1442 வரை மன்னர் சேஜோங்கின் மகன்களுக்கும் பேரன் ஒருவனுக்குமாக 19 கட்டினார்கள். ஜப்பானியர் ஆட்சியில் நாடெங்கும் இருந்தவற்றைத் தோண்டி 54-ஐ கோயாங்கில் ஒரே இடத்தில் வரிசையாக வைத்துவிட்டார்கள். மலைதோறும் ஒன்று என்ற பொருளே அதோடு போயிற்று. இன்று நஞ்சுக்கொடி மருத்துவக் கழிவு. தாயின் ஒப்புதல் இருந்தால் மருந்து தயாரிக்க எடுக்கலாம்.

தமிழிலும் அம்மா, அப்பா. கொரியத்திலும் ஒம்மா, அப்பா. பேறுகால வழக்கங்களும் ஒத்துப்போகின்றன. தொடர்பு உண்டா?

சான்று இல்லை. ‘ம’வும் ‘ப’வும் குழந்தை வாயில் முதலில் வரும் ஒலிகள், உலகம் முழுக்க அவற்றிலிருந்தே பெற்றோர் பெயர்கள் பிறந்தன. ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-ல் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கணமே எழுதினார், மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. ‘ஆயுத்தா’ நாட்டிலிருந்து கொரியாவுக்கு வந்த அரசி ஹோவின் கதை 13-ஆம் நூற்றாண்டுக் கொரியத் தொகுப்பில் இருக்கிறது, அந்நாடு எது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. பிள்ளை பெற்றவளைச் சூடாக வைத்து வெளியே விடாமல் பார்ப்பது சீனத்திலும் வியட்நாமிலும் உண்டு. பத்தியம் இரண்டு ஊரிலும் இருக்கிறது என்பது உறவுக்கு அடையாளம் ஆகாது.

கொரிய ஆய்வுகளை எங்கே, எப்படித் தேடுவது?

துறைக்கு ஒரு வாசல், எல்லாம் இணையத் தரவுத்தளங்கள். மருத்துவத்துக்கு கொரியாமெட் (KoreaMed), மரபு மருத்துவத்துக்கு ஓயாசிஸ் (OASIS), எல்லாத் துறை இதழ்களுக்கும் கேசிஐ (KCI), முதுகலை, முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ரிஸ் (RISS). செவிலியர் துறையில் சிறந்த பேட்டிகள் பல இதழில் வராமல் முதுகலை ஆய்வேட்டிலேயே தங்கிவிடுகின்றன, அதனால் ரிஸ்ஸை விடாதீர்கள். வழக்காறுகளுக்குத் தேசிய நாட்டார் அருங்காட்சியகத்தின் இணையக் கலைக்களஞ்சியம்.

கொரிய எழுத்திலேயே தேடுங்கள். ரோமன் எழுத்தில் இரண்டு முறைகள் உண்டு, 1939-ஐச் சேர்ந்த பழையதும் 2000-ல் வந்த அரசு முறையும். ஒரே சொல் இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கும். பழைய கட்டுரைகளின் தலைப்பு சீன எழுத்தில் இருக்கும், அதையும் தனியே தேட வேண்டும். ஆசிரியர் பெயரை நம்பித் தேடாதீர்கள், ஐந்தில் ஒருவர் கிம்.

களப்பதிவின் காலத்தைப் பாருங்கள். 1920-களில் ஜப்பானிய ஆட்சி எடுத்த கணக்கெடுப்புகளில் விவரம் நிறைய உண்டு, ஆனால் காவல் நிலையம் வழியாகக் கேட்டு வாங்கியவை அதில் கலந்திருக்கின்றன. காவலரிடம் பேய் நம்பிக்கையைப் பற்றி யார் மனம்விட்டுப் பேசுவார்? 1969 முதல் மாகாணம் மாகாணமாக வெளிவந்த அரசு நாட்டார் வழக்காற்று அறிக்கைகள் அதைவிட நம்பகம். ஆனால் அவற்றில் பெரும்பாலும் கிழவிகள் தம் இளமையை நினைத்துச் சொல்கிறார்கள். அறிக்கையின் ஆண்டிலிருந்து நாற்பது ஆண்டைக் கழித்துப் படியுங்கள்.

வயதிலும் ஒரு பொறி. பழைய கொரியக் கணக்கில் பிறந்த அன்றே வயது ஒன்று, புத்தாண்டு வந்தால் இரண்டு. டிசம்பர் 31-ல் பிறந்த குழந்தைக்கு மறுநாளே இரண்டு வயது. 2023 ஜூன் 28 முதல் சட்டப்படி உலக முறைதான் செல்லும், ஆனால் அதற்கு முந்தைய பேட்டிகளில் ‘இரண்டு வயதில் பால் மறந்தது’ என்று இருந்தால் அது பத்து மாதமாகவும் இருக்கலாம், இருபது மாதமாகவும் இருக்கலாம். ‘மான்’ என்ற சொல் வயதுக்கு முன்னால் இருந்தால் உலக முறை. இல்லாவிட்டால் பிறந்த மாதத்தைத் தேடி எடுத்தபிறகே அட்டவணையில் ஏற்றுங்கள்.